இருபது வருடம் கழித்துக் குடிக்கவும்

மூக்கர் என்று அலுவலகத்தில் எல்லோரும் தன்னைக் கூப்பிடுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் பிழைப்பு முழுக்க அதை நம்பித்தான். வெளிநாட்டு ஒயின்களைத் தருவித்து விற்கும் நிறுவனம் அது. வந்திறங்கும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ருசித்து, துப்பி, இன்ன நிறம், இன்ன வாசனை, இத்தனை வருடம் கழித்துக் குடிக்கவும் என்று கேட்டலாக்கில் எழுதுவது அவர் பொறுப்பு. முப்பது வருடமாகத் துப்பியே பேர் வாங்கிய ஆள் இவர் ஒருத்தர்தான் என்று மேலாளர் அம்மா வருகிறவர்களிடம் சொல்வார். முதல் தடவை கேட்டபோது மூக்கரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

ருசி பார்க்கும் அறைக்குச் சில சட்டங்கள் உண்டு. காலை பத்தரைக்கு மேல், சாப்பாட்டுக்கு முன். வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சம் மட்டும், விளக்கு கூடாது. வெள்ளை ஓடு பதித்த மேஜை, துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் வாளி. சென்ட் போட்டவர், பூ வைத்தவர், இப்போதுதான் காபி குடித்துவிட்டு வந்தவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி. அதனால்தான் அன்றைக்குக் கீழே வரவேற்பில் இருக்கும் பெண் போனில் தயங்கினாள். பெரியவர் ஒருத்தர் ஒரு பாட்டிலோடு வந்திருக்கிறார், உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம், ஆனால் ஆள்மேல் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கிறது, அனுப்பட்டுமா வேண்டாமா என்று கேட்டாள். பாட்டில் என்ன பாட்டில் என்று மூக்கர் கேட்டார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மேலே அனுப்பச் சொன்னார்.

வந்தவர் பல் டாக்டர். கிளினிக்கை மூடி இரண்டு வருடமாகியும் கிராம்பு எண்ணெய் விரலை விட்டுப் போகவில்லை என்று அவரே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மூக்கர் அவரை ஜன்னலை ஒட்டி, மேஜைக்கு எட்டாத தூரத்தில் உட்காரவைத்தார். டாக்டர் பையைத் திறந்து, துண்டில் சுற்றிய பாட்டிலை எடுத்து நீட்டினார். கூடவே நாலாக மடித்த ஒரு காகிதம். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. விரித்ததும் மூக்கருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருடைய கேட்டலாக்கின் பக்கம்தான். இருபது வருடத்துக்கு முந்தியது.

பாட்டில் பிரான்ஸிலிருந்து வரும் ஸோதெர்ன் என்கிற இனிப்பு ஒயின். ஆற்றங்கரைத் தோட்டங்களில் காலையில் மூடுபனி இறங்கி, திராட்சையில் பூஞ்சை பிடிக்கும். மற்ற ஊர்களில் அதைப் பார்த்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள், இவர்களோ அதற்காகவே காத்திருந்து, சுருங்கிப்போன பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்துப் பிழிவார்கள். ஒரு செடிக்கு ஒரு கிளாஸ் தேறினால் பெரிய விஷயம். இளசில் இளமஞ்சளாக இருக்கும். வருடம் ஆக ஆகப் பொன்னாகி, பொன் கறுத்து, பழைய செம்பின் நிறத்துக்கு வரும். சாப்பாட்டுக்குப் பிறகு, குளிரவைத்து, ஒரு சின்ன கிளாஸ்.

அந்தப் பக்கத்தில் மூக்கர் எழுதியிருந்தது இதுதான்: ‘இப்போது ஆப்ரிகாட் பழமும் அன்னாசியும் முந்தி நிற்கின்றன. அவசரப்படாதீர்கள். காலம் போகப் போகத் தேன், ஆரஞ்சுத் தோல், கருக்கிய சர்க்கரை, நல்ல கறுப்புத் தேநீர், ஒரு இழை குங்குமப்பூ. அடியில் புளிப்பு கடைசிவரை நிமிர்ந்து நிற்கும். இருபது வருடம் கழித்துக் குடிக்கவும்.’ ஒவ்வொரு வாசனையின் பக்கத்திலும் பென்சிலில் பொடி எண்கள். இது என்ன என்று கேட்டார். அது சம்சாரம் கிறுக்கினது, பிடித்த வரிசையில் மார்க் போட்டிருப்பாள் என்றார் டாக்டர்.

அவர் விஷயத்துக்கு வர நேரம் எடுத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்குகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. முதலில் ஊர்க்கதை பேசி வாயைத் திறக்கவைப்பார்கள். இங்கே திறக்க வேண்டியது அவர் வாய்தான் என்பதால் இன்னும் தாமதமானது. கல்யாணம் ஆனபோது அவருக்கு நாற்பத்திரண்டு, மனைவிக்கு முப்பத்தொன்பது. மனைவி தெருமுனையில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். அந்த வருடம்தான் இந்தப் பாட்டிலை வாங்கினார்கள். கேட்டலாக்கில் போட்டபடி இருபதாவது கல்யாண நாளில் திறப்பது என்று டாக்டர் முடிவு கட்டினார். முடிவு கட்டியது அவர் மட்டும்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கடையின் பின்கட்டில் மருந்துகள் வைக்கும் குளிர் அறை இருந்தது. சூடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பாட்டிலை அங்கேதான் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் மனைவி கேட்பார், இன்றைக்குத் திறக்கலாமா என்று. இவர் காகிதத்தை எடுத்துக் கடைசி வரியைக் காட்டுவார். எட்டு வருடம் கேட்டார்.

“ஒன்பதாவது வருஷத்துலேர்ந்து கேக்கறதையே விட்டுட்டா சார்,” என்றார் டாக்டர். “பக்குவம் வந்துடுச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அவ போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. இப்பதான் தோணுது, மனசு விட்டுப்போய் கேக்காம இருந்திருக்கான்னு.”

மூக்கரிடம் இருந்த வார்த்தையெல்லாம் பழங்களைப் பற்றியும் மரப்பட்டைகளைப் பற்றியும்தான்.

போன வாரம் இருபதாவது கல்யாண நாள். டாக்டர் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தார். தனியாகத் திறக்கக் கை வரவில்லை. பிறகுதான் இந்த யோசனை வந்தது.

“எழுதினவர் நீங்க. நீங்களே குடிச்சுப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் பிடிவாதமா இருந்தது சரியா, தப்பா? நல்லா இருக்குன்னா, அவளுக்குக் குடுக்காமப் போயிட்டேன். கெட்டுப்போச்சுன்னா, ஒண்ணும் இல்லாததுக்கு அவளக் காக்க வெச்சிருக்கேன். எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கணும்.”

மூக்கருக்கு உள்ளே சுருக்கென்றது. காரணம் டாக்டருக்குத் தெரியாது. அந்த இருபது வருடக் கணக்கு வந்த விதம் அப்படி. அந்தப் பக்கத்தை எழுதிய அன்றைக்கு ஒரே காலையில் முப்பத்தாறு ஒயின் ருசி பார்த்திருந்தார்கள். இனிப்பு ஒயின்கள் கடைசியில்தான் வரும். இரண்டு வாய், துப்பல், நாலு வரி. வயதான பிறகு வரும் வாசனைகளை அதே தோட்டத்தின் பழைய பாட்டில்களில் பார்த்த ஞாபகத்திலிருந்து எழுதுவது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வருடம் போடும் கட்டத்தில் நல்ல ஸோதெர்னுக்கெல்லாம் இருபது என்று போட்டுவிடுவார்கள். பத்து என்றால் வாங்குகிறவருக்கு அது சாதாரணச் சரக்காகத் தோன்றும். முப்பது என்றால் பயந்துவிடுவார். இருபது மரியாதையான எண். அதை ஒருத்தர் குடும்பச் சட்டமாக எடுத்துக்கொள்வார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நிறம் அருமை, பழைய செம்பேதான். ஆனால் ஒயின் கார்க்கை முட்டிக்கொண்டு நின்றது. இருபது வருடத்தில் கார்க் வழியாகக் கொஞ்சமாவது ஆவியாகிப் போய், அளவு கழுத்தில் இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒரு சொட்டு குறையவில்லை. கழுத்தில் ஈயத்தாளுக்குப் பதில் சிவப்பு மெழுகு. அது மனைவி வைத்தது என்றார் டாக்டர், பெருமையோடு. காற்று புகாமல் இருக்கட்டும் என்று தாளை எடுத்துவிட்டு அவளே உருக்கி ஊற்றினாளாம். அதற்கப்புறம்தான் நிறமும் நன்றாக ஏறியதாம். எட்டு வருடம் அசமந்தமாகக் கிடந்தது, ஒன்பதாவது வருடம் போய்ப் பார்த்தால் ஒரே தூக்காகத் தூக்கியிருந்ததாம்.

நிறம் ஒரே தூக்காகத் தூக்காது. மூக்கர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் மெழுகைச் சுரண்டினார்.

கார்க் வெளியே வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தோட்டத்தார் கார்க்கில் பெயரையும் வருடத்தையும் சூடு வைத்திருப்பார்கள். இது மொட்டைக் கார்க். மூக்கர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் ஓடிய நினைப்பு, போலிச் சரக்கு, அதுவும் நம் கம்பெனி விற்றது என்பதுதான். ஊற்றினார். வெள்ளை ஓட்டின்மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தார், லேசாகக் கலங்கியிருந்தது. மூக்கை உள்ளே விட்டார். தேன். ஆரஞ்சுத் தோல். கருக்கிய சர்க்கரை. கறுப்புத் தேநீர். ஒரு இழை குங்குமப்பூ. எழுதிய வரிசை மாறாமல் ஆஜராகிவிட்டன. இத்தனை வருட அனுபவத்தில் எந்த ஒயினும் அவர் எழுதினதை இவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றியதில்லை.

ஒரு வாய் எடுத்தார். நாக்கில் உருட்டினார். தேநீர் வாசனை வந்தது போக, தேநீரே வந்தது. அது தேநீர்தான். நல்ல தேநீர், நன்றாகக் கொதித்தது, அதில் பிராந்தி, தேன், பாகு. புளிப்பு திராட்சையின் புளிப்பு இல்லை. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையில் இருக்கும் மருந்துக்கடைப் புளிப்பு. வாளியில் துப்பினார். பிறகு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு பென்சில் எண்களை மறுபடி பார்த்தார்.

தேனுக்கு 120. ஆரஞ்சுத் தோலுக்கு 12. கருக்கிய சர்க்கரைக்கு 60. தேநீருக்கு 450. குங்குமப்பூவுக்கு 4. புளிப்புக்கு 3. பக்கத்தின் அடியில் எதையும் சேராமல், வட்டம் போட்டு 150. அது மார்க் இல்லை, அளவு. வட்டம் போட்டது பிராந்தி, கெடாமல் இருக்க. மருந்துக்கடைக்காரம்மா அவர் எழுதின நாலு வரியை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு, கிராமும் மில்லியுமாக அளந்து, ஒரு பாட்டில் இருபது வருட ஒயினைத் தயாரித்து அடைத்துவிட்டார். தயாரிக்க வேண்டுமென்றால் பாட்டில் காலியாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஜன்னலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்துவிட்டு ஊசிக்காகக் காத்திருப்பவர்களை அவர் ஆயுசெல்லாம் பார்த்திருப்பார். இப்போது அதே முகம் அவருக்கு.

மூக்கர் யோசித்தார். பிரமாதம் என்று சொல்லிவிடலாம். பிரமாதமான ஒயினைப் பெண்டாட்டிக்குக் கொடுக்காமல் போன மனுஷனாக அவர் படியிறங்கிப் போவார். கெட்டுவிட்டது என்று வாளியில் கொட்டலாம். வீணாகக் காக்கவைத்த மனுஷனாகப் போவார். உண்மையைச் சொன்னால் பதினொரு வருடம் ஏமாந்தவராகப் போவார், அதுவும் செத்துப்போனவளிடம். கூடவே இறந்தவரைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும். ஆனால் நாக்கில் பட்டதை மாற்றிச் சொன்னது என்று மூக்கரின் தொழிலில் ஒரு நாளும் இல்லை. அது நல்ல குணம் என்று அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். வேறு மாதிரி சொல்ல வராது, அவ்வளவுதான்.

“டாக்டர், இது ஒயின் இல்ல,” என்றார். “டீ. உங்க வீட்டம்மா போட்டது.”

காகிதத்தை அவரருகே கொண்டுபோய், எண்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். கார்க்கைக் காட்டினார். மெழுகையும் திடீரென்று ஏறிய நிறத்தையும் சொன்னார். டாக்டர் மெதுவாக, அந்த ஒன்பதாவது வருடத்தில் பல் மருத்துவர்கள் மாநாட்டுக்கு நாலு நாள் வெளியூர் போனதைச் சொன்னார். திரும்பி வந்தபோது கடை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. கேட்டதற்குப் புதுசாக இருமல் மருந்து செய்து பார்ப்பதாகச் சொன்னாள். அந்த நாலு நாளும் மச்சினி துணைக்கு வந்திருந்தாள்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே மச்சினியைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை, அந்தப் பாட்டிலைத் திறந்துவிட்டேன் என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் மூக்கருக்கே கேட்டது. அது பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பானது. டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஏன் போட்டார் என்று தெரியவில்லை. சாட்சி வேண்டியிருந்தது போலும்.

மச்சினி எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவும் அவளும் குளிர் அறையில் மருந்துப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து, சிரப் அளக்கும் சின்னக் கப்பில் ஊற்றி ஊற்றி, இரண்டே சாயங்காலத்தில் முடித்தார்களாம். அவ்வளவு ருசியான ஒன்றை அதற்கப்புறம் தான் குடித்ததே இல்லையாம். மூன்றாவது நாள் அக்கா தராசை எடுத்துவைத்துக்கொண்டு டீ போட ஆரம்பித்தாளாம்.

“மாமாவுக்கு ஒரு கப்பாவது வெக்கலாமேன்னு நான் கேட்டேன் மாமா. வெச்சா அதையும் இன்னும் பதினொரு வருஷம் பாத்துக்கிட்டே இருப்பாருன்னு சொன்னா.”

டாக்டர் போனை அணைத்தார். மேஜை ஓட்டின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று மூக்கர் எதிர்பார்த்தார். தண்ணீர் ஜாடியைக்கூட மேஜையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவைத்தார்.

“அப்ப அதுக்குத்தான் கேக்கலியா,” என்றார் டாக்டர்.

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. பதினாலு மாதமாக ஏற்றிவைத்திருந்ததை இறக்கின மாதிரி இருந்தது. சிரிப்பு வருகிறதா என்று அவரே தேடிப் பார்த்தார், கண்தான் நிறைந்தது. அதைத் துடைக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டார். ஒன்பது வருடத்தில் அந்த ஒயின் எப்படி இருந்திருக்கும்? அவசரப்பட்டு அரைகுறையாகக் குடித்துவிட்டாளா?

மூக்கர் இந்த இடத்தில் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னார். இருபது என்று போட்டது பழக்கதோஷம், அந்த வருடத்து ஒயினை அது பழசான பிறகு ஒருநாளும் ருசி பார்த்ததில்லை, ஒன்பது வருடத்தில் அதில் பழம் இன்னும் உயிரோடு இருந்திருக்கும், தேனும் வர ஆரம்பித்திருக்கும், இரண்டும் சேர்ந்திருக்கிற காலம் கொஞ்சம்தான், அதை அவர் மனைவி சரியாகப் பிடித்துவிட்டார் என்றே தோன்றுகிறது என்றார். டாக்டர் நியாயமாகக் கோபப்பட்டிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினார்.

“இன்னொண்ணு,” என்றார் மூக்கர். கிளாஸை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்கு, டாக்டரிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், சுவரைப் பார்த்து நின்று மறுபடி முகர்ந்தார். சந்தேகம் தீர்ந்தது. “இதுல கிராம்பு இருக்கு. உங்க கைவாசனைன்னு நெனச்சேன். இல்ல, இதுக்குள்ளயே இருக்கு. நான் எழுதல. அவங்க பென்சில்லயும் இல்ல.”

கிராம்பு போட்டால் சீக்கிரம் கெடாது. மருந்துக்கடைக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். அதற்காகவும் போட்டிருக்கலாம். மூக்கர் அதைச் சொல்லவில்லை. நாக்கில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும், படாததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் தன் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு எழுந்து மேஜைக்கு வந்து கிளாஸுக்குக் கைநீட்டினார். மூக்கர் புது கிளாஸ் எடுத்து ஊற்றிக் கொடுத்தார். டாக்டர் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“இருமல் மருந்தேதான்,” என்றார்.

இன்னொரு வாய் குடித்தார். பாட்டிலைத் தூக்கி எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தார். முக்கால் பாட்டில் இருந்தது. கை தானாகவே அந்த மொட்டைக் கார்க்கைத் தேடி எடுத்துக் கழுத்தில் பொருத்தியது. மேலே மறுபடி மெழுகு வைத்தால், குளிர் அறையில் வைத்தால், இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று மூக்கரைக் கேட்டார்.

மூக்கர் முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் எழுதியவர். இப்போது யோசித்தார். தனக்குத் தெரியாது என்றார்.

டாக்டர் கார்க்கை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிளாஸை நீட்டினார். மூக்கர் தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவைத்தார்.